இடர் அட்டவணை

லாபிஸ் திடலில் சுண்ணாம்புக் கோடு இழுப்பதும்
பாடத்தில் சேர்த்திதான்:
மூன்று கிரெடிட், நூற்றிருபது மணி நேரம்,
கையொப்பம் கழகச் செயலாளர் நவரத்தினம்.

இடர் என்ற கட்டத்தில்
விரிவுரையாளர் எழுதச் சொன்னது கூட்ட நெரிசல்.
நான் எழுதியது:
கோல் கம்பத்துக்குப் பின்னால் உடும்பு,
செம்பனை லோரி குறுக்கே வரும் நேரம்,
தண்ணீர்ப் போத்தல் எண்பது போதாது.
மின்னல்.

அரையிறுதி. எழுபத்தோராம் நிமிடம்.
இரண்டாம் டிவிசன் பையன்கள் ஒரு கோல் பின்தங்கி
மூலையில் பந்தை வைக்கிறார்கள்.
ஆலைப் புகைபோக்கிக்கு மேல்
வானம் ஒருமுறை வெளுத்தது.
எண்ணினேன். ஒன்பதில் இடித்தது.
நடுவரிடம் ஓடினேன், நிறுத்துங்கள்.

"படிச்சிட்டு வந்து ஆட்டத்தக் கெடுக்குது பாரு"
யாரோ. என் சின்ன மாமாவாகவும் இருக்கலாம்.

பள்ளிக் கூரைக்கடியில்
இருபத்திரண்டு பேரும் ஈரச் சாக்ஸோடு
என்னைப் பார்க்காமல் மைலோ குடித்தார்கள்.
கோடுகள் கரைந்து
பால்போல வாய்க்காலுக்குப் போயின.

இரவு படிவத்தை நிரப்பினேன்.
அசம்பாவிதம்: இல்லை.
அந்த 'இல்லை'க்கு எத்தனை மணி நேரம் என்று போட
கட்டம் கிடையாது.

காலையில் சுண்ணாம்பு இரண்டு மூட்டை.
நவரத்தினத்திடம் முன்பணம் கேட்கணும்.