லாரி போகட்டும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
டைல்ஸ் கடைக்கு மேல் என் அறை.
கன்டெய்னர் லாரி போனால்
ஜன்னல் கண்ணாடி பேசும்,
மனிதர் பேச முடியாது.
வாக்கியத்தைப் பாதியில் பிடித்துக்கொண்டு
இருவரும் காத்திருப்போம்.

முதல் மாதம் தேசிங்கு
அந்த இடைவெளியில் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.
மூன்றாம் மாதம் மின்விசிறியை.
பிறகு ஒருநாள் என்னை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
‘மேல இருந்து பாத்தா ஆளே தெரியாது மேடம்,
ஹெல்மெட்டுதான், மஞ்ச மஞ்சளா,
கடலைப்பருப்பு கொட்டி வெச்சா மாதிரி.’
அதில் ஒரு பருப்பின் பெயர் குப்புராஜ்
என்று சொல்ல அவருக்குப் பதினாலு வாரம் ஆனது.
சொன்ன அன்று லாரி எதுவும் வரவில்லை.
டோல்கேட் பக்கம் மறியல் என்றார்கள்.
அவ்வளவு அமைதியை அந்த அறை
அதற்கு முன் கேட்டதில்லை.

வீட்டில் சொல்லாததெல்லாம் என்னிடம் இருக்கிறது.
பொரிகடலை மிட்டாய்க்காகத் திருடிய எட்டணா உட்பட.
என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது,
என் தண்ணீர் பாட்டிலின் மூடி தொலைந்துவிட்டது என்பது.

இதற்குப் படிப்பில் ஒரு பெயர் உண்டு.
தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.
வியாழன் இரவு மின்ட் போகும் பேருந்தில்
கம்பியைப் பிடித்தபடி என்னோடு வருவது
அந்தப் பெயர் இல்லை.

ஒருமுறை ஈரத் துணிப்பையில் நண்டு கொண்டுவந்தார்,
காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் எடுத்தது.
வாங்கக் கூடாது என்பது விதி.
விதியைச் சொன்னேன், தலையாட்டினார்.
ஐம்பது நிமிடமும் நாற்காலிக்கடியில்
பை உயிரோடு கீறிக்கொண்டே இருந்தது.

அப்பா போன பதினாறாம் நாள் கழித்து
வேலைக்குத் திரும்பினேன்.
அதே காட்டன் புடவை, அதே குறிப்பேடு.
யாருக்கும் சொல்லவில்லை.
லாரி வந்தது. காத்திருந்தோம்.
லாரி போய்விட்டது.
அடுத்த கேள்வி என்னுடையது.
அது வரவில்லை.

தேசிங்கு டிஷ்யூ பெட்டியை
ஒரே விரலால்
என் பக்கம் ஒரு சாண் தள்ளினார்.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
‘இன்னொரு லாரி வரட்டும் மேடம்.
அவசரம் ஒண்ணுமில்ல.’

என் மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன்.
எடுத்தாயா?
இல்லை.
திருப்பித் தள்ளினாயா?
இல்லை.
அவர் பேனாவை மூடிவிட்டு
டீ சொன்னார்.

அடுத்த வியாழன், அவர் வருமுன்,
பெட்டியை மேசையின் நடுவில் வைத்தேன்,
கண்ணளவில்.
கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினேன்.
உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தார்.
சிரித்தாரோ என்னவோ, மீசை பெரிது.

சட்டைப் பையிலிருந்து
மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்தார்.
‘குப்புராஜ் பொண்ணுக்குக் கல்யாணம்.
அவன் சம்சாரமே நேர்ல வந்து குடுத்துச்சு.
நான் போலாமா மேடம்’

கீழே லாரி.