மூன்றேகால் ஜிபி

புளியரை எடைமேடையில்
பழைய கம்ப்யூட்டர் செத்தது செவ்வாய்க்கிழமை.
மறுநாள் முதலாளி தென்காசியில் வாங்கி அனுப்பிய லேப்டாப்
ஏகத்துக்கு மெலிசு.
பஸ் கண்டக்டர் அதைச் சீட்டுப்புத்தகம் மாதிரி
கக்கத்தில் இடுக்கி வந்து கொடுத்தார்.

எடைக்கணக்கு சாஃப்ட்வேர் அதில் ஏறவில்லை.
எழுதிக் கொடுத்த கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போட்டால்
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறாள்,
மூன்று பாஷையில்.
அது எக்ஸ்பியில்தான் ஓடும்.
வேறெந்த வீட்டிலும் கை நனைக்காது.

நாகூர்கனி செங்கோட்டையிலிருந்து வந்தான்,
சட்டைக்குள் மழைபடாமல் ஒரு சிடி.
"புதுமாப்பிள்ளைக்குப் பழைய மூளையா வைக்கச் சொல்லுதிய?"
டீ வேண்டாம் என்றான்.
பிறகு இரண்டு குடித்தான்.

முதல் தடவை நீலத்திரை.
இரண்டாம் தடவையும்.
ஹார்ட் டிஸ்க் எங்கே என்று தெரியவில்லையாம் அதற்கு;
வீட்டுக்குள் நின்றுகொண்டே
வீட்டுக்கு வழி கேட்கிறது.
பயாஸுக்குள் புகுந்து எதையோ
பழைய முறைக்குத் திருப்பினான்.

வெளியே லோடு சேர்ந்துவிட்டது.
எம்-சாண்ட், வைக்கோல், பாவூர்சத்திரம் கத்திரிக்காய்,
வாலை மட்டும் வெளியே விட்டு நிற்கிற மாடுகள்.
மலை ஏறுமுன் எல்லோருக்கும் சீட்டு வேண்டும்.
புனலூர்க்காரன் ஒருவன்
ஹார்னிலேயே மலையாளம் பேசினான்.

பதினொன்றரைக்குத் திரையில்
பச்சைக் குன்றும் வெள்ளை மேகமும் வந்தன.
ஜன்னலில் இருந்த குன்று
மழையில் காணோம்.

கனி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சொன்னான்:
சத்தம் வராது. வைஃபை எடுக்காது.
கேமரா இருப்பதே அதுக்குத் தெரியாது.
விரலால் தடவினால் அசையாது, மவுஸ் சொருகணும்.
பதினாறு ஜிபி மெமரியில்
மூன்றேகால்தான் கண்ணில் படும்.

"மிச்சம்?"
"இருக்கும்க்கா. ஆனா இல்ல."

நெட்டில் மட்டும் விட்டுவிடாதே,
காற்று பட்டாலே காய்ச்சல் வந்துவிடும் என்றான்.
மூடி வைத்தாலும் உறங்காது,
உறங்கத் தெரியாது,
விசிறி சுற்றிக்கொண்டே கிடக்கும்.
நானும் நைட் டூட்டிதான் என்றேன்.

"எங்க வீட்டு மனைப்பத்திரம் மாதிரிதான்க்கா.
ஊரு இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருசமாச்சு,
எழுத்து இன்னும் மலையாளம்."
நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
மேடையிலிருந்து வருகிற ஒன்பது ஊசி வயரை
இதில் செருக ஓட்டையே இல்லை;
அவன் பையில் அதற்கொரு இடைவயர் இருந்தது,
முந்நூற்றைம்பது ரூபாய்,
பில் கிடையாது.

கடைசியில் சாஃப்ட்வேர் திறந்ததும்
ஒரு கட்டம் கேட்டது:
எடையாளர் பெயர்?

பழையதில் அந்த இடத்தில் பிலேந்திரன் இருந்தான்.
சலாலாவுக்குப் போய் ஆறு வருடம்.
அதை மாற்றுகிற பாஸ்வேர்டும்
அவனோடு விமானம் ஏறிவிட்டது.
ஆறு வருடம் நான் ஏற்றி இறக்கிய
ஒவ்வொரு கல்லுக்கும் மாட்டுக்கும்
அவன் பெயர்தான் அடியில்.
ஒரு தடவை சண்டைக்கு வந்த டிரைவர்
"பிலேந்திரனக் கூப்பிடு" என்று
என் முகத்தைப் பார்த்தே கத்தினான்.

கனி கீபோர்டை என் பக்கம் தள்ளினான்.
ஒரு விரலால் அடித்தேன்.
ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கு மேல்
இடமில்லை அதில்.

புனலூர் வண்டி ஏறியது.
எண்கள் கொஞ்சம் தள்ளாடி
இருபத்தேழாயிரத்து முந்நூற்று நாற்பதில் நின்றன.
பிரிண்டர் கரகரவென்று கிழித்தது.

டிரைவர் டார்ச்சடித்துச் சீட்டைப் படித்தான்.
"யாரு இது, சுடலைவ்?"

மிச்சம் உள்ளே இருக்கு என்று சொல்லவில்லை.
"நான்தான்.
வண்டிய எடு, பின்னால மாடு நிக்கி."