இரண்டாவது பதில்

கேரட் பிடுங்குவது என் வேலை.
தழையைக் கொத்தாகப் பிடித்து
மணிக்கட்டைச் சற்றே திருப்பி
ஒரே இழுப்பு.
பாலாடா மண் லேசில் விடாது.
பதினோரு வருஷத்தில் என் கைக்கு
வேறெதுவும் தெரியாமல் போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை. ஏழு நாற்பது பஸ்
கீழ் வளைவில் ஹாரன் அடித்தபோது
ஷெர்லின் படியில் உட்கார்ந்துகொண்டாள்.
ஒரு நத்தை. அது போய்ச் சேரும்வரை
அவளும் வரமாட்டாளாம்.
மணிக்கட்டைப் பிடித்தேன்.
ஒரே இழுப்பு.

முதலில் அழவில்லை. அதுதான் பயம்.
பிறகு அழுதாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு
இடது கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக்
கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல.
வீக்கம் இல்லை. பன் நீட்டினேன்,
வலது கையால் வாங்கினாள்.
பஸ்ஸில் பெள்ளன் நீவிவிடச் சொன்னார்.
மஃப்ளரில் கையைத் தாங்கிக் கட்டி
நீவாமல், யாரையும் தொடவிடாமல்
குன்னூர் வரை மடியில் வைத்திருந்தேன்.

"எப்படி ஆச்சு?"
"விழுந்துட்டா, டாக்டர்."
அந்தம்மா தோளிலிருந்து விரல்நுனி வரை
மெல்ல அழுத்திப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.
"விழுந்திருந்தா எக்ஸ்ரே எடுக்கணும்.
இழுத்ததுன்னா இங்கேயே சரி பண்ணிடலாம்.
எது?"
என் நகங்களுக்குள் மண்.
"இழுத்துட்டேன்."

கட்டைவிரலை முழங்கையில் வைத்து
உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, மடக்கினார்.
ஏலக்காய் உடைவதுபோல் ஒரு சத்தம்.
அதை மூடிக்கொண்டு அவள் அலறல்.

"அஞ்சு வயசு வரைக்கும்
எலும்பைச் சுத்தின வளையம் தொளதொளன்னு இருக்கும்,
பழைய ஸ்வெட்டர் கழுத்து மாதிரி.
வெடுக்குன்னு இழுத்தா நழுவிடும்.
மறுபடியும் நழுவலாம்.
அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்க.
ரெண்டு கையையும் பிடிச்சு ஊஞ்சல் ஆட்டாதீங்க."
நாங்கள் தினமும் ஆடும் விளையாட்டு அது.
தரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பத்து நிமிஷம் வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள்.
எதிர் பெஞ்சில் ஒரு பையன் சோப்புக் குமிழி ஊதினான்.
ஷெர்லின் கை நீட்டினாள்,
இடது கையை,
மேலே, இன்னும் மேலே.

அன்றைய கூலி போயிற்று. திரும்பி வந்தபோது
நத்தையும் போயிருந்தது.
அதற்குத்தான் ரொம்ப நேரம் அழுதாள்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த ரெஜினா கேட்டாள்,
எப்படி ஆச்சு என்று.
இரண்டாவது பதிலை முதலிலேயே சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
ஸ்வெட்டர் கைக்குள் தன் விரல்களை விட்டு
உள்ளே இருந்த சின்ன முஷ்டியைத் தேடிப் பிடித்து
கையை அல்ல,
துணியை இழுத்தாள்.