துண்டு வெட்டிய பிறகு

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிப்
பதினான்காம் நாள்.
கற்சிலைமடுவுக்குத் திரும்பும் கிறவல் ரோட்டில்
பின்சீற்றில் கட்டிய றெஜிபோம் பெட்டி
கிறீச்சிட்டுக்கொண்டே வருகிறது.
உள்ளே ஐஸ் பை நான்கு,
பெயர் எழுதாத குழாய் மூன்று.
பள்ளத்தில் நின்ற மயில் ஹோர்னுக்கு விலகவில்லை.
நான்தான் விலகினேன்.

வதனரூபி முற்றத்தில் கதிரை போட்டு வைத்திருந்தாள்.
கேற்றில் நாங்கள் ஒட்டிய அறிவித்தல்
மூன்று மொழியிலும் வெளிறி,
தமிழ் முதலில் கரைந்திருந்தது.

நான் அங்கி மாட்டுவதை
வேலிக்கு அப்பால் மூன்று வீடு பார்த்தது.
"தலையை நிமித்துங்கோ அக்கா."
அவளுக்குப் பழக்கம். இது நாலாம் தரம்.
கண்ணை மூடாமல்
பாலைமரத்து உச்சியைப் பார்த்தாள்.
குச்சி உள்ளே போய்ச் சுழன்று திரும்பும்
அந்தப் பத்து விநாடி
ஒற்றைக் கண்ணில் மட்டும் நீர்.
"அழேல்லைத் தம்பி, அது மூக்கு நரம்பு,"
எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை.
கறிக்கு உப்புக் காணாதெண்டு
மகள் சொல்ல முதலே எனக்குத் தெரியுது.
பிறகேன் இன்னும் வாறியள்?"

"ஒரு உறுதிக்குத்தான்," என்றேன்.

"உறுதியோ?" சிரித்தாள்.
"இந்தக் காணிக்கே இன்னும் உறுதி தரேல்லை.
மூக்குக்குத் தரப்போறியளோ?"

மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து முடிவு வந்தது.
பொசிட்டிவ்.

கை குளிர்ந்து டொக்டருக்கு எடுத்தேன்.
பின்னால் குழந்தை அழும் சத்தத்தோடு
அவர் சொன்னார்:
"முப்பத்தேழாம் சுற்றிலதானே காட்டியிருக்கு.
அது செத்த வைரசின்ர துண்டு.
மெஷினுக்கு உயிரும் பிணமும் ஒண்டுதான்,
இருக்கெண்டு மட்டும் சொல்லும்.
அவவால ஒருத்தருக்கும் தொத்தாது.
வேலைக்குப் போகச் சொல்லுங்கோ."

போகச் சொல்லலாம்.
ஆடைத் தொழிற்சாலை கேட்கும் படிவத்தில்
இரண்டே பெட்டி:
உண்டு. இல்லை.

மறுபடி மயில், மறுபடி பள்ளம்.
இந்த முறை அங்கி போடாமல் கேற்றடியில் நின்று
டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.
கொடியில் காய்ந்த சீருடையை எடுத்தபடி கேட்டாள்.
எடுத்ததை மடித்தாள். விரித்தாள். மீண்டும் மடித்தாள்.

"செத்ததெண்டு எப்பிடித் தெரியும் அவைக்கு?"

சுற்றுக் கணக்கைச் சொன்னேன்.
நாட்கணக்கைச் சொன்னேன்.
ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் இரவிரவாய்
விழித்திருப்பதையும் சொன்னேன்.

"இவருக்கும் உப்பிடி ஒரு போம் தந்தவங்கள்.
ரெண்டு பெட்டி.
ரெண்டிலயும் புள்ளடி போடாமல் குடுத்தன்.
நிரப்பேல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

அவ்வளவுதான்.
உள்ளே போய்
எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து,
கேற்றுத் தூணில் வைத்துவிட்டு
இரண்டடி பின்னால் போனாள்.
அந்த இரண்டடியை
அவளுக்குப் பழக்கியது நான்.
முகக்கவசத்தைக் கழற்றி முழுச் செம்பையும் குடித்தேன்.

பெட்டிகளுக்கு வெளியே,
வெற்று ஓரத்தில் எழுதினேன்:
'எச்சம் உண்டு. தொற்றாது. வேலை செய்யலாம்.'
கையெழுத்து. முத்திரை.
மை காயும்வரை தாளை ஊதிக்கொண்டு நின்றேன்.
தொழிற்சாலை வாசலில்
ஓரத்து எழுத்தை ஆர் வாசிப்பார்களோ,
எனக்குத் தெரியாது.
வாசிக்காவிட்டால் கோல் எடுக்கச் சொன்னேன்.
மேலதிகாரி கேட்டால்
எனக்கும் பதில் இல்லை.

புறப்படும்போது கூப்பிட்டாள்:
"அந்த நோட்டீசையும் கிழிச்சுக்கொண்டு போங்கோ.
மீன்காரன் ரெண்டு கிழமையா
ஹோர்ன் அடிக்காமல் போறான்."

கிழித்தேன். நடுப்பகுதி கையோடு வந்தது.
நாலு மூலையும் தகரத்தில் நின்றன.
நகத்தால் சுரண்டப் போனேன்.

"விடுங்கோ தம்பி,
மூலையால ஒருத்தருக்கும் தொத்தாது."