இத்திக்குப் போட்ட மண்

உப்புவெளி மணலை
மூன்று தரம் கழுவினேன்.
நாக்கில் வைத்தால் இன்னும் கடல்.

கன்னியாவிலிருந்து ரெஜினோல்ட்
சாக்கில் கொண்டுவந்த செம்மண்
முதல் மழைக்கே களியாகி
வேரின் மூச்சை அடைத்தது.
பிறகு தும்புத்தூள். ஐப்பசி முழுக்க ஈரம் விடாமல்
ஒரு நாய்க்குடை முளைத்ததுதான் மிச்சம்.

இத்திக்கன்று இலை கொட்டிக்கொண்டே இருந்தது.

இதை நான் பிடுங்கியது
உட்துறைமுக வீதியில்,
பழைய கிடங்குச் சுவரில்.
ஆளுயரத்தில், சுண்ணாம்புக் காரை வெடித்த இடத்தில்,
காகம் எச்சமிட்டதைத் தவிர
யாரும் எதுவும் போடாத இடத்தில்
பச்சையாய் நின்றது.

இன்று திரும்பிப் போனேன்.
சுவரை இடித்துப் போட்டிருந்தார்கள்.
"உடைஞ்ச கல்லா? அள்ளுங்கோ" என்றான் காவலாளி.
சைக்கிள் கூடை கொள்ளுமட்டும் அள்ளினேன்.

முற்றத்தில் சுத்தியல்.
கடலையளவு அடியில்,
பயறளவு மேலே,
தூள் காற்றுக்கு.
நுளம்புவலைத் துண்டால் துவாரத்தை மூடி
ஊற்றிய தண்ணீர்
ஐந்து எண்ணுமுன் காலடியில்.

பக்கத்து வீட்டு பஸ்மியா மதிலால் எட்டிப் பார்த்தாள்:
"எல்லாம் சரி, மண் எங்க?"

தைக்குள் துளிர்த்தால் சொல்கிறேன் என்றேன்.
இருக்கிற ஒரே இலையில்
செங்கல் பொடி.