முழுப்பேர்

பயிற்சிக்குப் போன அன்றைக்கு எனக்கு அரைப்பேர்.
பதினெட்டுக் கிலோ வேண்டிய இடத்தில்
ஒன்பதரை.
பகல் நிறுவையோடு கூடையைக் கவிழ்த்துவிட்டு
ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்,
விரலில் கொழுந்துக் கறையோடு.

பேக்கரிக்கு மேல்மாடி.
பாண் வேகும் வாசத்தில் இருபத்திரண்டு பெண்கள்.
ரெஜினா மிஸ் மைக்கை நீட்டினார்:
"பேரைச் சொல்லி ரெண்டு நிமிஷம் பேசுங்க."

மலையின் இந்தக் கோடியில் நின்று
அந்தக் கோடிக்காரியைக் கூப்பிடுகிற தொண்டை
மைக்கைக் கண்டு ஒட்டிக்கொண்டது.
"தண்ணி" என்றேன்.
குடிக்கக் கேட்கிறேன் என்று
ஒருத்தி போத்தலை நீட்டினாள்.
நான் எங்கள் லயத்துப் பைப்பைச் சொல்ல வந்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
சிரிப்போடு மிச்சமும் வந்துவிட்டது:
ஐம்பத்திரண்டு வீட்டுக்கு ஒரு பைப்,
மூன்றரை மணிக்கே வரிசையில் நிற்கும் குடங்கள்,
குடத்துக்குப் பின்னால் தூங்கும் பிள்ளைகள்.
மணி அடித்தார்கள்.
கோயிலடிப் பாலத்துக்கு நான் இன்னும் வரவேயில்லை.

பின்னேரம் பெரிய விவாதம்,
தோட்டத்து ரோடு சபையின் ரோடா, கம்பனி ரோடா.
"மழை யாரையும் கேட்டு அரிக்கிறதில்ல"
என்றாள் டிக்கோயாக்காரி.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டுக்கு வந்தார்.
"லிஸ்டுல பொம்பளக் கணக்குக்கு ஒரு பேர் குறையுது தங்கச்சி.
சும்மா ஒரு கையெழுத்து.
நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

வீட்டுக்காரர் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

"வட்டாரத்துலயா, மேலதிகப் பட்டியல்லயா?"

தலைவர் என்னைப் பார்த்தார்,
கொழுந்துக்குள் கல் கிடந்ததைப்போல.
"வட்டாரத்துக்கு ஆள் இருக்கு."
"நானும் ஆள்தானே."
தேத்தண்ணி வருமுன்னே எழுந்துவிட்டார்.
யோசித்துச் சொல்வாராம்.

ராத்திரி, மிஸ் தந்த மாதிரிப் படிவத்தை விரித்தேன்.
முதல் கட்டத்தில் 'முழுப் பெயர்'.
எங்கள் மலையில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் பேரும் பாதியாகிவிடும்.
இந்தக் கட்டத்தில் யாரும் தராசு வைக்கவில்லை.
பெருமாள் யோகலெட்சுமி என்று
அழுத்தி எழுதினேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
"லெட்டா, லட்டா?"
தகரப் பெட்டியிலிருந்து அடையாள அட்டையை எடுத்தோம்.
அதில் நான் யோகம்மா.
நான் பிறந்த அன்று கிளாக்கருக்கு என்ன அவசரமோ.

திருத்த வேண்டும்.
பிரதேச செயலகம் எட்டரைக்குத் திறக்கும்.
நாளைக்கும் அரைப்பேர்தான்.