கடைசிக் கண்ணி

தொண்ணூற்றாறு கண்ணியில் தொடங்கினேன்.
அன்றைக்கு ஐஸ் ஒரு பார் நூறு ரூபாய்.
மண்டபத்தில் உல்லன் ஊசியைத் தூக்கியவளைப் பார்த்து
மே மாசம் முழுக்கச் சிரித்தார்கள்.
வேர்வையில் நூல் விரலோடு ஒட்டும்;
பவுடர் பூசிக்கொண்டு பின்னினேன்.

"குளிர் எலும்பைக் கடிக்குது மதினி" என்று
கோத்தகிரியிலிருந்து நாத்தனார் மெட்டில்டா
போனில் சொல்லி வைத்த ஒரே ஒரு வாக்கியம்.
அதற்கு ஐந்து தடைக்காலம் ஆனது.

படகு கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் கம்பெனியில் கணக்கு இல்லை.
அறுபத்தொரு நாளும் பேரேட்டின் மேல் நூல்கண்டு.
வாசலில் கஸ்பார் வலையைப் பரப்பியிருப்பார்.
"உன் கண்ணியில முடிச்சே இல்லையே" என்றார் ஒருநாள்,
ஒரு வரிசையை விரலால் விரித்துப் பார்த்து.
உண்மைதான்.
வலையில் ஒரு கண்ணி அறுந்தால் ஒரு ஓட்டை.
இதில் ஒன்று நழுவினால்
கீழே இருப்பதையும் கூப்பிட்டுக்கொண்டு இறங்கும்.

மூன்றாம் வருஷம் வீட்டு மனையைப் பற்றி
மெட்டில்டா ஒரு வார்த்தை சொன்னாள்.
போனை வைத்துவிட்டு இருபத்திரண்டு வரிசை உருவினேன்.
மடி நிறையச் சுருள் நூல்; நூடுல்ஸ் என்றான் மகன்.
மறுநாள் அதே இருபத்திரண்டையும் திரும்பப் பின்னினேன்.
கோபம் தீர்ந்து அல்ல.
தடைக்காலம் தீரவில்லை, அதனால்.

நடுவில் நீலம் மாறும் ஒரு கோடு உண்டு.
பார்ப்பவர்கள் அதுதான் சண்டை என்பார்கள்.
இல்லை. மதுரைக் கடையில் அந்தச் சாயம் தீர்ந்துபோனது.
சண்டை இருந்த இடத்தை
எனக்கே இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை கடைசி வரிசை.
ஒன்றின் தலைமேல் ஒன்றைத் தாண்டவிட்டு
ஒவ்வொன்றாக இறக்கி
ஊசியில் ஒரே ஒரு கண்ணி.
கத்தரியைத் தேடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
பாம்பன் பக்கம் ரயில் சத்தம் வந்தது, போனது.
பிறகு நூலை வெட்டி, நுனியை அதற்குள் விட்டு, இழுத்தேன்.
மொத்தச் சால்வையிலும் முடிச்சு என்றால் அது ஒன்றுதான்.

அலசிப் போட்டேன். கச்சான் காற்று
காயவிடாமல் உப்புக் கையால் தடவிக்கொண்டே இருந்தது.
மூன்றாம் நாள் காய்ந்தது. மோந்தால் லேசாகக் கருவாடு.
மறுபடி அலசினேன். கருவாடு.

குளிர் தாங்குமா?
இந்த ஊரில் அதைப் பார்க்க ஒரே இடம்தான்.
தடை முடிந்த இரண்டாம் நாள், கிரஷர் இரைச்சலில்,
ஐஸ் அறைக்குள் போய்ப் போர்த்திக்கொண்டு
பார்களுக்கு நடுவில் நின்றேன்.
மூச்சு வெள்ளையாக வந்தது. அம்மோனியா மூக்கை அறுத்தது.
செருப்புக் காலில் ஏறிய குளிர்
முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தொட்டது,
அங்கேயே நின்றுவிட்டது.

சீனி இபுராம் கொக்கியோடு வந்தான்.
"என்னக்கா, ஊட்டிக்குப் போறீகளா?"
கழற்றிக் கொடுத்தேன்.
பதினெட்டு வருஷமாக அந்த அறையில் வெறும் பனியனோடு நிற்பவன்
நுனிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் பேசவே இல்லை.
"யாருக்கு?"
"நாத்தனாருக்கு."
"அவுக பேசுறாகளா இப்ப?"

வெளியே லாரி ஹாரன் அடித்தது.
நாற்பது பார் என்று எழுத வேண்டும்.
பேனாவை எடுத்தேன்.
ஆள்காட்டி விரல் மட்டும்
இல்லாத நூலைச் சுற்றிக்கொண்டிருந்தது.